மழைக்காட்டு விஷத் தவளைகளைத் தேடிப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோஸ்டாரிகாவின் கரீபியன் பக்கத்துக் காட்டில் முதல் நாள் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கால் கடுத்துப்போய், பாதையோரம் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளிச் சருகின்மேல் செக்கச்செவேலென்று ஏதோ தாவியது. உடம்பு சிவப்பு, கால்கள் மட்டும் கருநீலம். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் அதை 'புளூ ஜீன்ஸ்' என்கிறார்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நான் வருவதற்கு முன்பும் அது அங்கேயேதான் இருந்திருக்கும். நான்தான் நடந்துகொண்டே இருந்தேன்.

இந்தத் தவளைகளைக் காட்டில் போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது வேறு கதை, அது இங்கே வராது. பயணத் திட்டத்தில் தொடங்கி, காட்டைவிட்டு வெளியே வந்து பூட்ஸ் கழுவுவது வரை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: அது என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் காடு, எந்த கேமரா என்று யோசிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

விஷத் தவளைகள் என்று நாம் சொல்வது டென்ட்ரோபேட்டிடே என்ற குடும்பம். சுமார் 200 இனங்கள். நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன; வடக்கே நிகரகுவா, தெற்கே பொலிவியா, பிரேசில் வரை. பெரும்பாலானவை ஒன்றரை முதல் ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். எறும்பு, சருகுக்குள் ஊரும் கடுகைவிடச் சிறிய சிற்றுண்ணிகள், குட்டி வண்டுகள் இவைதான் சாப்பாடு.

பெரிய வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டு இரண்டு நாள் சும்மா உட்காரும் தவளை இல்லை இது. ஒரு சிற்றுண்ணியில் என்ன சத்து இருக்கும்? ஆகவே காலையிலிருந்து மாலை வரை பொறுக்கிப் பொறுக்கித் தின்றுகொண்டே இருக்க வேண்டும். உலகத்துத் தவளைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வெளியே வரும். இவை பகலில், திறந்த தரையில், பறவைகளின் கண்ணுக்கு எதிரே மேய்கின்றன. அப்படி மேய வேண்டுமென்றால் ஒரு பாதுகாப்பு வேண்டும். அந்தப் பாதுகாப்பும் அதே சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்கிறது. எறும்பிலும் சிற்றுண்ணியிலும் இருக்கும் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருள்கள் தவளையின் உடம்புக்குள் போய்த் தோலில் இருக்கும் சுரப்பிகளில் சேர்ந்துவிடுகின்றன. பளிச்சென்ற நிறம், அந்த விஷத்துக்கு ஒட்டிய எச்சரிக்கைப் பலகை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் டேலி என்ற வேதியியலாளர் இந்த விஷங்களைப் பல பத்தாண்டுகள் துருவித் துருவிப் பார்த்தவர். நீர்நில வாழ்விகளின் தோலிலிருந்து அவரும் அவருடைய கூட்டாளிகளும் 800-க்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகளைப் பட்டியலிட்டார்கள். கூண்டில் பிறந்து பழ ஈயை மட்டும் தின்று வளர்ந்த தவளையின் தோலில் இந்த விஷம் இல்லை என்று தெரிந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1932-இல் பனாமாவிலிருந்து கொசுவை ஒழிக்கவென்று ஹவாயின் ஓவாஹூ தீவுக்குக் கொண்டுபோய் விட்ட பச்சை-கறுப்புத் தவளைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. அவற்றின் விஷக் கலவை பனாமாவில் இருக்கும் உறவுக்காரத் தவளைகளின் கலவையிலிருந்து வேறுபடுகிறது. தரையில் ஊரும் பூச்சி மாறியதால் விஷமும் மாறிவிட்டது.

சுருக்கமாக, நீங்கள் தேடப் போவது பகல் முழுக்க, ஈரச் சருகில், எறும்பு இருக்கும் இடத்தில், ஒளியாமல் மேயும் ஒரு குட்டிப் பிராணியை.

படி 2: நாட்டைத் தேர்ந்தெடுப்பது

முதல் பயணம் என்றால் கோஸ்டாரிகா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சாரபிகி பகுதியில் லா செல்வா என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. வெப்பமண்டல ஆய்வுகளுக்கான கூட்டமைப்பு ஒன்று 1968-இல் வாங்கிப் பராமரித்துவரும் காடு. வருடத்துக்கு சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. அந்தச் சிவப்புத் தவளை, ஊஃபாகா பூமிலியோ, அங்கே சர்வ சாதாரணம். பாதைகள் நன்றாக இருக்கும், வழிகாட்டிகளுக்கு ஒவ்வொரு மரத்தடியும் அத்துப்படி. அதே காட்டில் பச்சை-கறுப்புத் தவளையும் உண்டு.

அதே சிவப்புத் தவளையின் விசித்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பனாமாவின் போகாஸ் டெல் டோரோ தீவுக்கூட்டம். ஒரே இனம்தான், தீவுக்குத் தீவு வேறு சட்டை. ஒரு தீவில் ஆரஞ்சு, பக்கத்துத் தீவில் பச்சை, எதிர்க்கரையில் நீலம். பாஸ்டிமென்டோஸ் தீவில் மட்டும் கரும்புள்ளியோடு சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் கலந்திருக்கும். படகில் கொஞ்ச நேரம் போனால் தவளையின் நிறம் மாறிவிடும். கடல்மட்டம் உயர்ந்து தீவுகள் பிரிந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் இத்தனை நிறங்கள். பெண் தவளைகள் எந்த நிறத்து ஆணை விரும்புகின்றன, எதிரிகள் எதைக் கண்டு ஒதுங்குகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் குடும்பத்தில் பார்க்க வேண்டிய முதல் அதிசயம் இதுதான், படி 7-இல் வரும் பெயர்பெற்ற அந்தக் கொடிய மஞ்சள் தவளை இல்லை.

பெருவில் தாராபோதோ நகரத்தைச் சுற்றிய மலைக்காடுகளில் ரானிதோமேயா இமிடேட்டர் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. இமிடேட்டர் என்ற பெயரே 'போலச் செய்வது' என்ற பொருளில் வைத்ததுதான். ஓரிடத்தில் அது புள்ளி போட்ட இனத்தைப் போல இருக்கும், இன்னோரிடத்தில் பட்டை போட்ட இனத்தைப் போல, மற்றோரிடத்தில் கோடு போட்டதைப் போல. அந்தந்த இடத்தில் எந்த விஷத் தவளை ஏற்கெனவே வாழ்கிறதோ அதன் உடுப்பைப் போட்டுக்கொள்கிறது. எதிரிக்கு ஒரே பாடம் படித்தால் போதும், இரண்டு இனமும் தப்பிக்கும். 2010-இல் இதைப் பற்றி இன்னொரு செய்தியும் வந்தது: ஆணும் பெண்ணும் ஜோடி மாறாமல் குடும்பம் நடத்துகின்றன என்று மரபணுச் சோதனையில் நிரூபிக்கப்பட்ட முதல் நீர்நில வாழ்வி இது. தேடுவது கஷ்டம், நல்ல வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

பிரெஞ்சு கயானா, சூரினாம் பக்கம் போனால் டென்ட்ரோபேட்டிஸ் டிங்டோரியஸ், ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் பெரிய உருப்படி. மஞ்சளும் கறுப்பும் நீலமுமாக இடத்துக்கு இடம் மாறும். சூரினாமின் தெற்கே சிபாலிவினி புல்வெளிக்கு நடுவே திட்டுத்திட்டாக இருக்கும் காடுகளில் வாழும் முழு நீலத் தவளையை 1969-இல் தனி இனம் என்று பெயரிட்டார்கள். இப்போது அது டிங்டோரியஸின் ஒரு வடிவம் என்றே கருதுகிறார்கள். பத்திரிகை அட்டைகளில் நீங்கள் பார்த்திருக்கும் நீலத் தவளை அதுதான். அங்கே போய்ச் சேர்வது லேசு இல்லை.

கொலம்பியாவின் பசிபிக் கரையை முதல் பயணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். காரணம் படி 7-இல் வருகிறது.

படி 3: நேரமும் பருவமும்

விடிந்ததிலிருந்து மூன்று நான்கு மணி நேரம்தான் முதல் தரம். முந்தின நாள் சூடு தணிந்திருக்கும், சருகு நனைந்திருக்கும், ஆண்கள் கத்திக்கொண்டிருக்கும். நடுமதியம் வெயில் ஏறினால் பெரும்பாலானவை சருகுக்குள் போய்விடும். மதியத்துக்கு மேல் ஒரு மழை அடித்து ஓய்ந்தால் இரண்டாவது வாய்ப்பு. மழை விட்ட பத்து நிமிடத்தில் காட்டுத் தரை உயிர்பெறுவதைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கரீபியன் பக்கத்துக் காடுகளில் ஏறக்குறைய எல்லா மாதமும் மழை உண்டு, அதனால் மாதம் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வெனிசுவேலா பக்கத்து மஞ்சள் பட்டைத் தவளை வேறு மாதிரி. கோடையில் மரக்கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் போய்க் கிடந்துவிடும். அங்கெல்லாம் மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் போக வேண்டும்.

படி 4: பையில் என்ன இருக்க வேண்டும்

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். சேற்றுக்காக மட்டும் இல்லை. அந்தக் காடுகளில் போத்ராப்ஸ் என்ற கொடிய விரியன் இருக்கிறது, அதன் நிறம் சருகின் நிறம்தான். அடுத்து சின்ன டார்ச். பகலிலும் மரப்பொந்துக்குள் பார்க்க வேண்டியிருக்கும். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் பைனாகுலர் இருந்தால் நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எந்த நாட்டுக்குத் தேவை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொசு மருந்தை உடைமேல் தெளியுங்கள், உள்ளங்கையில் தேய்க்காதீர்கள். தவளைக்குத் தோல்தான் பாதி நுரையீரல். உங்கள் கையில் இருக்கும் ரசாயனம் நேரே அதன் உடம்புக்குள் போய்விடும்.

படி 5: காது முதலில், கண் அப்புறம்

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான், என்னையும் சேர்த்து: நிறத்தைத் தேடிக்கொண்டு நடப்பது. சிவப்பு என்றால் காத தூரத்திலிருந்தே தெரியும் என்று நினைப்போம். தெரியாது. காட்டுத் தரையில் சிவந்த சருகும் உதிர்ந்த பூவும் பழத்தோலும் கிடக்கும். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக் கழுத்து வலிதான் மிஞ்சும்.

நின்று கேளுங்கள். சிவப்புத் தவளையின் குரல் தவளைக் குரல்போலவே இருக்காது. ஏதோ பூச்சி 'ஜிக்-ஜிக்-ஜிக்' என்று விடாமல் தேய்ப்பதுபோல இருக்கும். முதலில் அதைப் பூச்சி என்று நினைத்து ஒதுக்கிவிடுவீர்கள். வழிகாட்டி ஒரு தடவை அடையாளம் காட்டிவிட்டால் அதன்பிறகு காடு முழுக்க அதுவாகவே கேட்கும். பச்சை-கறுப்புத் தவளையின் குரல் அடங்கிய ரீங்காரம், அருகே போனால்தான் கேட்கும். டிங்டோரியஸ் அதைவிட மோசம், கத்துவதே அரிது.

குரல் கேட்டதும் நேராக அதை நோக்கி நடக்காதீர்கள். நான்கைந்து அடி எடுத்து வையுங்கள், நில்லுங்கள், குரல் மறுபடி வரட்டும். அடுத்த தடவை கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து கேளுங்கள். இரண்டு இடத்திலிருந்து கேட்ட திசையும் எங்கே சந்திக்கிறதோ அங்கேதான் இருக்கும். நீங்கள் அருகே போனதும் கத்துவது நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அதற்கு உங்களைவிடப் பக்கத்து ஆண் தவளைதான் பெரிய கவலை.

ஃபோனில் பதிவு செய்த குரலைப் போட்டுக் காட்டி வெளியே இழுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று அது சாப்பாட்டை விட்டுவிட்டு அரை மணி நேரம் அலையும். நாள் முழுக்க மேய்ந்தால்தான் பிழைப்பு என்றிருக்கும் ஜீவனிடம் அரை மணி நேரத்தைப் பிடுங்குவது நியாயமாகப் படவில்லை எனக்கு.

படி 6: பார்வையை எங்கே நிறுத்துவது

ஆண் தவளை பாடுவதற்குக் கொஞ்சம் உயரமான இடம் பிடிக்கும். பெரிய மரங்களின் அடியில் சுவர்போல விரியும் வேர்கள், விழுந்த மரத்தின் முதுகு, பட்டுப்போன கட்டை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் பாருங்கள். தொண்டை பலூன்போலப் புடைத்துச் சுருங்குவது முதலில் கண்ணில் படும், நிறம் அதற்குப் பிறகுதான்.

பழைய கோகோ தோட்டங்கள் அருமையான இடம். உதிர்ந்து அழுகும் கோகோ ஓடுகளில் தண்ணீர் தேங்கும், பூச்சி மொய்க்கும். தவளைக்கு இரண்டுமே வேண்டும்.

டிங்டோரியஸைத் தேடுகிறவர்கள் அண்மையில் சாய்ந்த மரத்தைத் தேடுங்கள். ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அந்த வெளிச்சப் பொத்தலுக்கு இவை வந்து சேர்ந்துவிடும். உச்சியில் இருந்த பொந்துகளும் தண்ணீரும் பூச்சிகளும் ஒரே நாளில் தரைக்கு இறங்கிவிட்டன அல்லவா!

நிறத்தைப் பற்றி ஒன்று. 2018-இல் இதே டிங்டோரியஸை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கிட்டே இருந்து பார்த்தால் மஞ்சளும் கறுப்பும் கண்ணைப் பறிக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மஞ்சளும் கறுப்பும் கலந்து சருகின் சராசரி நிறத்தோடு கரைந்துவிடுகின்றன. எச்சரிக்கைப் பலகையும் மறைப்புத் துணியும் ஒன்றேதான், தூரம்தான் வித்தியாசம். நான் இரண்டு மணி நேரம் நடந்தும் ஒன்றும் தெரியாமல் போனதற்கு இதைச் சாக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

சருகைக் கிளறாதீர்கள். கட்டையைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள்; புரட்டாமல் இருப்பதே மேல். கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், எறும்பும் பாம்பும் உங்களுக்கு முன்பே இடம் பிடித்திருக்கும்.

படி 7: தொடலாமா?

கூடாது. ஆனால் காரணம் நீங்கள் நினைப்பது மட்டும் இல்லை.

இந்தக் குடும்பத்தில் 200 இனம் இருந்தாலும் அம்பு முனையில் தடவப் பயன்பட்டவை ஃபில்லோபேட்டிஸ் என்ற பேரினத்தில் மூன்றே மூன்றுதான். கொலம்பியாவின் பசிபிக் பக்கத்தில் வாழும் எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்புகளுக்கு அவற்றைப் பயன்படுத்தினார்கள். தென் அமெரிக்காவின் மற்ற இடங்களில் அம்பு விஷம் என்றால் பெரும்பாலும் செடிகொடியிலிருந்து காய்ச்சிய குராரேதான். ஆக, 'அம்புத் தவளை' என்று மொத்தக் குடும்பத்துக்கும் பெயர் வைத்தது கொஞ்சம் மிகை.

அந்த மூன்றில் பெரியது ஃபில்லோபேட்டிஸ் டெரிபிலிஸ். அறிவியலில் 1978-இல்தான் பெயர் பெற்றது. ஐந்து சென்டிமீட்டர், பளபளக்கும் மஞ்சள். மற்ற இரண்டு தவளைகளிலிருந்து விஷம் எடுக்க நெருப்பில் வாட்டுவார்கள். இதற்கு அந்த வேலையே இல்லை. உயிரோடு இருக்கும் தவளையின் முதுகில் அம்பு முனையைத் தேய்த்துவிட்டு, தவளையை விட்டுவிடுவார்கள். ஓர் உடம்பில் சுமார் ஒரு மில்லிகிராம் பாட்ரகோடாக்சின் என்ற விஷம் இருக்கும். நரம்பிலும் தசையிலும் சோடியம் உள்ளே போக வழிவிடும் கதவுகள் இருக்கின்றன. திறந்து உடனே மூட வேண்டிய கதவுகள். இந்த விஷம் போய் உட்கார்ந்தால் மூடாது. தசை இறுகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், நிற்கும். மாற்று மருந்து கிடையாது. கொலம்பியாவை முதல் பயணத்துக்கு வேண்டாம் என்றது இதனால்தான். அங்கே அனுபவமுள்ளவர் துணை இல்லாமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது. அந்தத் தவளைக்கும் எதிரி உண்டு என்பதுதான் வேடிக்கை: எரித்ரோலாம்ப்ரஸ் எபினெஃபெலஸ் என்ற சின்னப் பாம்பு அதன் குட்டிகளை விழுங்குகிறது.

1992-இல் இதே வகை விஷம் நியூகினியாவின் பிடோஹுயி என்ற பறவையின் இறகிலும் தோலிலும் கிடைத்தது. பசிபிக் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம்! அங்கே அது ஒரு சின்ன வண்டிலிருந்து வருகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

சிவப்புத் தவளை, பச்சை-கறுப்புத் தவளை போன்றவை அந்த அளவுக்கு ஆபத்து இல்லை. காயமில்லாத தோலில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் விரலில் கீறல் இருந்தால், அதே கையால் கண்ணைக் கசக்கினால், உதட்டைத் துடைத்தால் எரிச்சலும் மரத்துப்போவதும் உண்டு. தெரியாமல் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவுங்கள்; கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள்.

இந்த விஷத்தில் மருந்து தேடியவர்களும் உண்டு. 1970-களில் எக்வடோரில் சேகரித்த ஒரு சின்னத் தவளையின் தோலில் டேலி ஒரு பொருளைக் கண்டார். அதன் கட்டமைப்பு 1992-இல்தான் தெளிவானது. எபிபடிடின் என்று பெயர். வலியைப் போக்குவதில் மார்ஃபினைவிட சுமார் 200 மடங்கு வலுவானது, அதுவும் மார்ஃபின் போகும் வழியில் போகாமல். ஆனால் மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, அதனால் மருந்துக் கடைக்கு வரவில்லை.

படி 8: நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம்

ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், படமும் எடுத்தாயிற்று. பெரும்பாலானவர்கள் இங்கே அடுத்த தவளையைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். நான் சொல்வேன், உட்காருங்கள்.

முதலில் சாப்பாடு. தலையைச் சாய்க்கும், பின்காலின் நடுவிரலைத் தட்டச்சு செய்வதுபோலப் படபடவென்று தட்டும், நாக்கு வந்து போனதே தெரியாது. எதைத் தின்றது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சிறியது. சண்டை பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும்: இரண்டு ஆண்கள் பின்காலில் நின்று நெஞ்சோடு நெஞ்சு கட்டிப் புரளும். தோற்றது எழுந்து நடையைக் கட்டும்.

முதுகில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் தவளையைப் பார்த்தால் அசையாதீர்கள். அது தலைப்பிரட்டை. டிங்டோரியஸில் தகப்பன் சுமக்கும். சிவப்புத் தவளையில் தாய். சிவப்புத் தவளை சருகில் நான்கைந்து முட்டை இடும், தகப்பன் அவற்றை ஈரமாக வைத்திருக்கும். பொரிந்ததும் தாய் வரும். ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு, அன்னாசிக் குடும்பத்துப் புரோமீலியாட் செடியின் இலை இடுக்குகளில் தேங்கிய தண்ணீரில் விடும். ஒரு இடுக்குக்கு ஒன்றுதான்.

அதன்பிறகு நடப்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை தாய் திரும்பி வரும். செடியில் ஏறி, தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கும். உள்ளே குட்டி உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு வாலை அதிரவிடும், 'நான் இருக்கேன், பசிக்குது' என்கிற மாதிரி. தாய் அப்படியே திரும்பி, பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கி உட்காரும். குட்டி அதன்மேல் முட்டி முட்டி அதிரும். கொஞ்ச நேரத்தில் தாய் ஒன்றிரண்டு முட்டைகளை இட்டுவிட்டுப் போகும். கருவுறாத முட்டைகள், தீனிக்காகவே இட்டவை. குட்டி அதைத் தவிர வேறு எதையும் தின்னாது. ஊஃபாகா என்ற பெயருக்குப் பொருளே முட்டை தின்னி. இப்படி ஒன்றரை மாதத்துக்கு மேல், நான்கைந்து செடிகளுக்கு, எந்த இடுக்கில் எந்தக் குட்டி என்று நினைவு வைத்து அந்தத் தாய் அலைகிறது. அந்த முட்டைகளின் வழியாகத் தாயின் விஷமும் குட்டிக்குப் போகிறது என்று 2014-இல் கண்டார்கள். குட்டி ஒரு எறும்பைக்கூடப் பார்த்திருக்காது, அதற்குள் கசக்கத் தொடங்கியிருக்கும்.

ஆகவே செடியை அசைக்காதீர்கள், இலையை விரித்துப் பார்க்காதீர்கள். டார்ச்சை மேலிருந்து ஒரு கணம் அடித்துப் பார்த்தால் போதும்.

படி 9: போலிகள்

பளிச்சென்று இருப்பதெல்லாம் விஷத் தவளை இல்லை. சிவப்புக் கண்ணும் பச்சை உடம்புமாக அஞ்சலட்டைகளில் வரும் மரத்தவளை வேறு குடும்பம், இரவில்தான் விழிக்கும். எக்வடோரில் அலோபேட்டிஸ் சாபரோ என்ற விஷமில்லாத தவளை, பக்கத்தில் வாழும் விஷ இனங்களைப் போலச் சிவப்பு முதுகோடு திரிகிறது. மடகாஸ்கரின் மான்டெல்லா தவளைகளைப் பார்த்தால் அமெரிக்க உறவுக்காரர்கள் என்றே நினைப்பீர்கள். ஒரு உறவும் இல்லை, ஆனால் அவையும் எறும்பைத் தின்றுதான் விஷம் சேர்க்கின்றன. அதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்துவிட்டன.

படி 10: படம் எடுப்பது

நிற்கும் உயரத்திலிருந்து எடுத்தால் பாயில் கிடக்கும் மிட்டாய் போலத்தான் வரும். தரையில் படுத்துவிடுங்கள், லென்ஸ் தவளையின் கண் மட்டத்துக்கு வரட்டும். 100 மில்லிமீட்டர் அளவு மேக்ரோ லென்ஸ் இருந்தால் அதன் மேல் ஏறி விழாமல் எடுக்கலாம். ஈரத்தோலில் வெளிச்சம் பட்டு வெள்ளைத் திட்டுகள் விழும். ஃபிளாஷை மெல்லிய வெள்ளைத் துணியால் மறையுங்கள். இவை நிற்காமல் தத்தும், பின்னாலேயே துரத்தாதீர்கள். அது போகும் திசையில் இரண்டடி முன்னால் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். இலைமேல் தூக்கி வைத்து எடுப்பது வேண்டவே வேண்டாம். அப்படி எடுத்த படத்தை விவரம் தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படத்தை வெளியிடும்போது இட விவரத்தை நீக்கிவிடுங்கள். இந்தத் தவளைகளின் வணிகம் 1987-இலிருந்து சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆனால் கடத்தல் நிற்கவில்லை. கொலம்பியாவின் அஞ்சிகாயா பள்ளத்தாக்குப் பக்கம் வாழும் ஊஃபாகா லேமனி அழிவின் விளிம்புக்கு வந்ததற்குக் காட்டழிப்போடு இந்தக் கள்ளப் பிடிப்பும் காரணம். ஓடையின் பெயரைக்கூட எழுத வேண்டாம். நாடு, மாகாணம் போதும்.

படி 11: வெளியே வரும்போது

இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். காட்டைவிட்டு வந்ததும் பூட்ஸில் ஒட்டிய சேற்றை பிரஷ் போட்டுத் தேயுங்கள், அடிப்பாகத்துப் பள்ளங்களையும் சேர்த்து. சேறு முழுக்கப் போன பிறகு, நீர்த்த பிளீச்சில் நனைத்து எடுங்கள். கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்டாதீர்கள். அப்புறம் வெயிலில் காயப் போடுங்கள். மேலோட்டமாக இல்லை, மொறுமொறுவென்று காய வேண்டும். அடுத்த காட்டுக்குள் அதற்குப் பிறகுதான்.

காரணம் ஒரு பூஞ்சை. ஈரச் சேற்றிலும் தண்ணீரிலும் பயணம் செய்யும். தவளையின் தோலைத் தின்று, உப்புச் சமநிலையைக் குலைத்து இதயத்தை நிறுத்தும். 2019-இல் வெளிவந்த கணக்குப்படி 501 இனங்கள் இதனால் குறைந்திருக்கின்றன, அவற்றில் 90 அழிந்தேவிட்டதாகக் கருதுகிறார்கள். எறும்பிலிருந்து சேர்த்த விஷம் இதனிடமிருந்து தவளைகளைக் காப்பாற்றிவிடவில்லை. 1999-இல் இந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள்: பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் செத்துக் கிடந்த ஒரு நீல விஷத் தவளையின் தோலிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். பெயரின் பின்பாதி அந்தத் தவளையினுடையது.